பங்ஙா: ஒரு நாள் சுற்றுலாவில் அடங்காத கடற்கரை

தாய்லாந்து போய்வந்த யாரிடமாவது "பங்ஙா பார்த்தீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பெயரே தெரியாது என்பார்கள். ஆனால் அவர்கள் கைபேசியில் உள்ள படங்களைத் தள்ளிக்கொண்டே போனால், கடல் நடுவே தலைகீழாக அடித்த ஆணி போல ஒற்றைப் பாறை நிற்கும் படம் ஒன்று வந்துவிடும். "ஜேம்ஸ் பாண்ட் தீவு, ஃபூகெட்டில் எடுத்தது" என்பார்கள். அந்தப் பாறை ஃபூகெட்டில் இல்லை. அது இருப்பது வடக்கே, பங்ஙா மாகாணத்தில்.

அரிச்சுவடியில் எழுதிப் பழகியதோடு நாம் மறந்துவிட்ட 'ஙா' என்ற எழுத்துக்கு இந்த ஊர்ப்பெயரில் முழு வேலை இருக்கிறது. அந்தமான் கடலோரம் நீளமாகக் கிடக்கும் மாகாணம் இது. தெற்கு முனையில் உள்ள சாரசின் பாலத்தைக் கடந்தால் ஃபூகெட் தீவு. விமான நிலையம் அந்தத் தீவின் வடகோடியில் இருப்பதால், இறங்கியவர் வடக்கே திரும்பினால் சிறிது நேரத்திலேயே பங்ஙாவுக்குள் நுழைந்துவிடலாம். பெரும்பாலோர் தெற்கே திரும்புகிறார்கள். பிறகு ஒரு நாள் காலையில் விசைப்படகில் வந்து, பாறையைப் படம் எடுத்து, மிதக்கும் ஊரில் சாப்பிட்டுவிட்டு, மாலைக்குள் ஃபூகெட் திரும்பிவிடுகிறார்கள். பங்ஙாவின் பெயர்கூட மனத்தில் பதியாமல் போவது இப்படித்தான். இது பெரிய இழப்பு என்று நினைக்கிறேன். தமிழ் வாசகருக்கு அது இன்னும் பெரிய இழப்பு. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பங்ஙாவில் பார்ப்பதற்கு உள்ளவை தனித்தனித் துண்டுகளாகத் தெரியும்: விரிகுடா, குகைக்கோயில், பவளத்தீவு, பழைய சீனக் கடைத்தெரு, காவ் லாக் கடற்கரை விடுதிகள். இவற்றைச் சேர்த்துப் புரிந்துகொள்ள இரண்டு பாறைகளைத் தெரிந்துகொண்டால் போதும். தென்கிழக்கே விரிகுடாவில் நிற்பது சுண்ணாம்புக்கல். மேற்கே கடலுக்குள் சிமிலான் தீவுகளாகத் தலை நீட்டுவது கிரானைட். முதலாவது குகைகளைக் கொடுத்தது. இரண்டாவது வெள்ளீயத்தைக் கொடுத்தது.

முதலில் சுண்ணாம்புக்கல். 25 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, ஆழமற்ற வெதுவெதுப்பான கடலின் அடியில் சிப்பியும் பவளமும் படிந்து இறுகிய கல் இது. மழைநீரில் உள்ள மென்மையான அமிலம் இதைக் கரைக்கும். லட்சக்கணக்கான ஆண்டுகள் கரைந்து கரைந்து குன்றுகளாகவும் குகைகளாகவும் ஆன நிலம், பனியுக முடிவில் கடல்மட்டம் உயர்ந்தபோது பாதி மூழ்கியது. நாம் தீவு என்று பார்ப்பவை உண்மையில் மூழ்கிப்போன மலைநாட்டின் உச்சிகள். 1981-ல் தேசியப் பூங்காவான இந்த விரிகுடா, 2002-ல் சதுப்புக்காடுகளுக்காக, உலகின் முக்கிய ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது.

ஆணிப்பாறையின் பெயர் கோ தாப்பு. 'கோ' என்றால் தீவு, 'தாப்பு' என்றால் ஆணி. உயரம் சுமார் 20 மீட்டர். விந்தை என்னவென்றால், நீர்மட்டத்தில் அதன் குறுக்களவு ஏறத்தாழ 4 மீட்டர்தான். மேலே போகப் போக அகன்று சுமார் 8 மீட்டர் ஆகிறது. ஏற்றவற்றத்தின்போது அலையும் நீரும் அடிப்பகுதியை நாள்தோறும் அரித்துக்கொண்டிருப்பதே காரணம். மீனவன் ஒருவன் வலை வீசும்போதெல்லாம் மீனுக்குப் பதில் ஆணியே சிக்கியதாகவும், சினம் கொண்டு அதை வெட்டியபோது ஒரு பாதி கடலில் குத்தி நின்றுவிட்டதாகவும் உள்ளூர்க் கதை. எதிரே உள்ள காவ் பிங் கன் தீவுக்கு 'ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்த குன்றுகள்' என்று பொருள். 1974-ல் வெளிவந்த ஜேம்ஸ் பாண்ட் படம்தான் இந்த இடத்தை உலகுக்குக் காட்டியது. கூட்டம் பெருகியதும் பாறைக்கு ஆபத்து வந்தது. 1998 முதல் படகுகள் கோ தாப்புவை நெருங்கக் கூடாது. காவ் பிங் கன் கரையில் நின்றுதான் பார்க்க வேண்டும்.

என்னைக் கேட்டால், ஆணிப்பாறையைவிட இங்கே பார்க்க வேண்டியது 'ஹோங்'. தாய் மொழியில் அறை என்று பொருள். குன்றுக்குள் இருந்த குகையின் கூரை இடிந்து, வானம் பார்த்த முற்றமாக ஆன இடம். சுற்றிலும் செங்குத்துச் சுவர், நடுவே உப்புநீர்க் குளம், சதுப்புமரங்கள். உள்ளே போக ஒரே வழி குகைச் சுரங்கம். நீர் அதிகம் ஏறினால் சுரங்கம் மூடிவிடும், அதிகம் வற்றினால் படகு தரை தட்டும். இடைப்பட்ட சிறிது நேரத்தில் துடுப்புப் படகில் மல்லாந்து படுத்து, மூக்குக்கு மேலே சிப்பி ஒட்டிய கூரை உரசிவிடுமோ என்று பார்த்துக்கொண்டே நுழைய வேண்டும். கோ பனக், கோ ஹோங் போன்ற தீவுகளில் இப்படிப்பட்ட அறைகள் உள்ளன. ஏற்றவற்ற நேரம் பார்த்துப் புறப்படும் படகுக்காரரிடம் போனால்தான் இது வாய்க்கும்.

மதியச் சாப்பாட்டுக்குப் படகுகள் ஒதுங்கும் ஊர் கோ பன்யி. ஒரு பெரிய சுண்ணாம்புப் பாறையின் நிழலில், கடலில் ஊன்றிய கால்களின்மேல் நிற்கும் முஸ்லிம் மீனவர் ஊர். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜாவாவிலிருந்து வந்த மலாய்க் குடும்பங்கள் நிறுவியது என்று சொல்கிறார்கள். அயலாருக்கு அப்போது நிலம் வாங்கும் உரிமை இல்லாததால் நீரின்மேல் கட்டிக்கொண்டோம் என்பது ஊரார் சொல்லும் காரணம். பள்ளிவாசலும் பள்ளிக்கூடமும் உண்டு. 1986 உலகக் கோப்பைக் கால்பந்தைத் தொலைக்காட்சியில் பார்த்த சிறுவர்கள், விளையாட மண் இல்லாததால் பழைய மரத்தையும் படகுத்துண்டுகளையும் சேர்த்து மிதக்கும் மைதானம் ஒன்றைக் கட்டினார்கள். பந்து கடலில் விழுந்தால் குதித்து எடுக்க வேண்டும். நண்பகலில் இந்த ஊர் உணவகமாகவும் கடைத்தெருவாகவும் மட்டுமே தெரியும். கடைசிப் படகு போன பிறகுதான் வலை பின்னுகிறவர்களும் பலகை நடைபாதையில் ஓடும் பிள்ளைகளும் கண்ணில் படுவார்கள். ஓர் இரவு தங்கிப் பார்ப்பவர்களுக்கே அந்த ஊர் தெரியும். மது, பன்றியிறைச்சி இரண்டுக்கும் இங்கே இடமில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு போகவேண்டும். விரிகுடாவின் நடுவே உள்ள கோ யாவ் நோய், கோ யாவ் யாய் என்ற இரு பெரிய தீவுகளிலும் முஸ்லிம்களே பெரும்பான்மை. ரப்பரும் மீன்பிடியும் தொழில்.

சுண்ணாம்புக்கல் கரையேறிய இடங்களில் குகைக்கோயில்கள். அவற்றில் பெரியது தகுவா துங் வட்டாரத்தில் உள்ள வாட் சுவன் கூஹா. பெயரைச் சற்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள்: சுவர்ண குகை. நம் காதுக்குப் பழகிய சொற்கள்தாம். வாசலில் குரங்குக்கூட்டம் வாழைப்பழத்துக்குக் காத்திருக்கும். உள்ளே, ஒரு மண்டபம் அளவுக்கு விரிந்த முதல் குகையில், சுமார் 15 மீட்டர் நீளப் பொன்னிறப் புத்தர் படுத்திருக்கிறார். வெளியே கொளுத்தும் வெயிலிலிருந்து நுழைந்தவருக்கு முதலில் குளிர்ச்சி தெரியும், பிறகு வௌவால் நெடி, கண் பழகியபின் பொன். இன்னும் உள்ளே போனால் பாறைச்சுவரில் ஐந்தாம் ராமா உள்ளிட்ட மன்னர்களின் பெயர் முதலெழுத்துகள் செதுக்கப்பட்டுள்ளன. வழக்கமான ஒரு நாள் பயணத்தில் இந்தக் கோயிலுக்கு அரைமணி நேரம் ஒதுக்குவார்கள். அதில் பாதி குரங்குகளுக்கே போய்விடும்.

இனி கிரானைட். தாய்லாந்தின் மேற்குக் கரையோரமாக மலேசியா வரை நீளும் கிரானைட் வரிசையில் வெள்ளீயக் கனிமம் உண்டு. பாறை தேய்ந்தபோது கனமான வெள்ளீயத்தாது ஆற்றுப் படுகையிலும் கடற்கரை மணலிலும் தங்கிவிட்டது. அள்ளிச் சலித்தால் போதும், ஆழச் சுரங்கம் தேவையில்லை. மாகாணத்தின் வடபகுதியில் உள்ள ஊரின் பெயரே தகுவா பா. தாய் மொழியில் 'தகுவா' என்றால் ஈயம்.

தகுவா பா சிறிய, அமைதியான ஊர். 1932 வரை அது தனி மாகாணமாக இருந்தது என்பதே இன்று பலருக்குத் தெரியாது. ஆனால் 1,200 ஆண்டுகளுக்கு முன்பு வங்கக் கடலைக் கடந்து வந்த கப்பல்கள் தேடி வந்த துறை இது. ஆற்று முகத்துக்கு எதிரே உள்ள கோ கோ காவ் தீவில் துங் துக் என்ற இடத்தைத் தோண்டியபோது செங்கல் அடித்தளங்களும், தாங் அரசமரபுக் காலச் சீனப் பீங்கான் துண்டுகளும், மேற்காசியக் கண்ணாடியும், மணிகளும் கிடைத்தன. அதே காலச் சீனப் பீங்கான் தீபகற்பத்தின் மறுகரையில், சையா அருகேயும் கிடைக்கிறது. மலாக்கா நீரிணையைச் சுற்றாமல், இங்கே சரக்கை இறக்கி மலைக்கணவாய் வழியே கிழக்குக் கடலுக்குக் கொண்டுபோயிருக்கலாம் என்று ஆய்வாளர் சிலர் கருதுவதற்கு இதுவே காரணம். பண்டைய புவியியலாளர் தாலமி குறிப்பிடும் 'தக்கோலா' துறைமுகமும், ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி 'கலைத்தக்கோர் புகழ் தலைத்தக்கோலம்' என்று பாடும் ஊரும் இதுவே என்பார் உண்டு. இன்னும் தெற்கே திராங்தான் அது என்பாரும் உண்டு. அந்த வழக்கு தீரவில்லை.

தீர்ந்த விஷயம் ஒன்று இருக்கிறது. அதைத்தான் தமிழ் வாசகருக்குச் சொல்லவேண்டும் என்றேன். தகுவா பா ஆற்றின் மேல்பகுதியில், காபோங் வட்டாரத்தில் ஒரு சிறு குன்று. தாய் மக்கள் அதைக் காவ் பிரா நாராய் என்பார்கள், நாராயணர் மலை. அங்கே 1902-ல் சுரங்கப் பொறியாளர் ஒருவர் வழியாக ஒரு கல் வெளியுலகுக்குத் தெரிந்தது. அதில் இருந்தது தமிழ். 1913-ல் கல்வெட்டறிஞர் ஹுல்ச் அதைப் படித்து வெளியிட்டார். பிறகு வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரி விரிவாக ஆராய்ந்தார். கல் உடைந்து முதல் வரிகள் சிதைந்துபோயின. எஞ்சிய ஆறு வரிகளில் தெளிவாகப் படிக்க முடிவது இதுதான்: ஒருவர் 'தொட்ட குளம்', அதாவது தோண்டிய குளம். அதன் 'பேர் ஸ்ரீ அவனிநாரணம்'. அது 'மணிக்கிராமத்தார்க்கும் சேனாமுகத்தார்க்கும்' இன்னும் ஒரு பிரிவினருக்கும் 'அடைக்கலம்'.

இந்தச் சில சொற்களில் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். அவனிநாரணன் என்பது பல்லவன் மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயர். நந்திக்கலம்பகத்தின் தலைவன் அவனே. நம் காவேரிப்பாக்கத்துக்கே அந்நாளில் அவனிநாரணச் சதுர்வேதிமங்கலம் என்று பெயர். ஆகவே கல்வெட்டு 9-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. மணிக்கிராமத்தார் வணிகக் குழுவினர். 849-ல் கொல்லத்தில் வெளியிடப்பட்ட தரிசாப்பள்ளிச் செப்பேட்டிலும் மணிக்கிராமம் வருகிறது. அதாவது, ஏறத்தாழ ஒரே தலைமுறைக் காலத்தில் அரபிக்கடல் கரையிலும் அந்தமான் கடல் கரையிலும் அதே பெயர் ஒலிக்கிறது. சேனாமுகத்தார் என்பது படைவீரர் குடியிருப்பைக் குறிக்கும் என்பர். வணிகரின் காவலுக்கு வந்தவர்களாக இருக்கலாம்.

எனக்கு அரசன் பெயரைவிடக் குளம்தான் பெரிதாகப் படுகிறது. ஈயமோ கற்பூரமோ வாங்கிக்கொண்டு அடுத்த காற்றில் திரும்பிவிடுகிறவர்கள் குளம் தோண்ட மாட்டார்கள். தோண்டி, பெயர் வைத்து, அதைக் காக்கும் பொறுப்பை மூன்று பிரிவினரிடம் ஒப்படைத்துக் கல்லில் வெட்டுகிறவர்கள், நெடுநாள் இருக்க வந்தவர்கள். ஊரில் என்ன செய்வார்களோ அதையே இங்கும் செய்திருக்கிறார்கள்.

அதே குன்றுப்பகுதியில் கிடைத்த கற்சிற்பங்களில் ஆளுயரத்தைவிடப் பெரிய விஷ்ணு உண்டு. கூடவே பக்கவாட்டு உருவங்கள். ஒரு மரம் அவற்றைத் தன் வேர்களால் கட்டிப்பிடித்து வளர்ந்து, முகங்கள் மட்டும் வெளியே தெரியும்படி நின்ற பழைய படங்கள் ஒருமுறை பார்த்தால் மறக்காது. சாயலில் தென்னிந்தியக் கை தெளிவாகத் தெரியும். அந்த விஷ்ணு இப்போது ஃபூகெட்டின் தலாங் அருங்காட்சியகத்தில் இருக்கிறார். தகுவா பாவில் கிடைத்த, இன்னும் பழமையான, உயர்ந்த கிரீடம் தரித்த வேறொரு விஷ்ணு பாங்காக் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறார்.

ஈயம் மறுபடியும் 19-ஆம் நூற்றாண்டில் ஆட்களை இழுத்தது. இம்முறை வந்தவர்கள் ஹொக்கியென் சீனர். தகுவா பாவின் பழைய தெருவில் அவர்கள் கட்டிய கடைவீடுகள் நிற்கின்றன: கீழே கடை, மேலே வீடு, வாசலோரம் தெரு நெடுக வளைவுத் தாழ்வாரம். பினாங்கு போனவர்களுக்குப் பழகிய முகம். ஃபூகெட் பழைய நகரில் இதே வீடுகளுக்குப் புதுச்சாயம் பூசியிருப்பார்கள். இங்கே பல சுவர்களில் காரை உதிர்ந்து செங்கல் தெரியும். வறட்சிக் காலத்து ஞாயிறு மாலைகளில் தெருச்சந்தை கூடும். மற்ற நாள் தெரு உறங்கும். ஊருக்கு வெளியே ஆற்றின்மேல் உள்ள இரும்புப் பாலம், ஈயம் அள்ளிய தூர்வாரிக் கப்பலின் இரும்பைக் கொண்டு கட்டியது.

1985-ல் உலகச் சந்தையில் வெள்ளீய விலை சரிந்தது. தொழில் படுத்தது. அள்ளி முடித்த கடற்கரைகளுக்குப் பிறகு விடுதிகள் வந்தன. காவ் லாக் கடற்கரையின் கதை சுருக்கமாக இவ்வளவே. அதன் எதிரே கடலடியில் கிடக்கும் பூன்சுங் என்ற ஈயக்கப்பல் 1980-களில் மூழ்கியது. இன்று மீன்கள் மொய்க்கும் அந்த இரும்புக்கூட்டைப் பார்க்க முக்குளிப்பவர்கள் இறங்குகிறார்கள். அது பல துண்டுகளாக உடைந்து கிடக்கிறது. உடைத்தது 2004 டிசம்பர் 26.

நாகப்பட்டினத்தையும் முல்லைத்தீவையும் அடித்த அதே கடல்கோள் பங்ஙாவை எப்படி அடித்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. தாய்லாந்தில் அன்று இறந்த சுமார் 5,400 பேரில் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டோர் இந்த ஒரு மாகாணத்தில் இறந்தார்கள். காவ் லாக் முன்னே அன்றைய தாய்லாந்து மன்னரின் பேரனுக்குக் காவலாக நின்ற 813-ஆம் எண் காவல் படகை அலை ஒரு கிலோமீட்டருக்கும் மேல் தரைக்குள் கொண்டுவந்து போட்டது, பேரன் இறந்தார். படகு இப்போதும் அங்கேயே, மரங்களுக்கு இடையே, நிற்கிறது. கடல் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் படகு நிற்பதைப் பார்த்தால்தான் அலையின் அளவு புரியும். பழைய ஈயக்குடியிருப்பான பான் நாம் கெம் ஊரில், அலை போல வளைந்த காங்கிரீட் சுவர் ஒன்றும், பெயர்ப்பலகைகள் பதித்த சுவர் ஒன்றும் எதிரெதிரே நிற்கின்றன. இடையில் நடந்து போகவேண்டும். தகுவா பாவின் வாட் யான் யாவ் கோயில் அன்று பிணவறையானது. அடையாளம் காணக் காத்திருந்த உடல்கள் அந்த வளாகத்தில் வாரக்கணக்கில் கிடத்தப்பட்டிருந்தன. பங்ஙாவின் கோயில்களைப் பற்றி எழுதும் யாரும் பொன்முலாம் பூசியவற்றை மட்டும் எழுதிவிட்டு இதை விட்டுவிடக் கூடாது.

இதே மாகாணத்தின் கடலில் உள்ள சுரின் தீவுகளில் வாழும் மோக்கன் மக்கள் அன்று தப்பினார்கள். படகிலேயே வாழ்ந்து பழகிய கடலோடிகள் இவர்கள். கடல் பின்வாங்கியதும் முதியவர்கள் அடையாளம் கண்டார்கள்: தாங்கள் கேட்டு வளர்ந்த கதைகளின் 'லாபூன்' அலை வருகிறது. எல்லோரையும் மேட்டுக்கு ஓட்டினார்கள். அந்தச் செய்தி உலகமெங்கும் போயிற்று. அதன் பிறகு அவர்கள் ஒரே குடியிருப்பில் சேர்க்கப்பட்டதும், 2019 பிப்ரவரியில் நெருக்கமாகக் கட்டிய அந்தக் குடிசைகளில் தீ பரவிப் பெரும்பகுதி சாம்பலானதும் அவ்வளவு தூரம் போகவில்லை. சுரின் போகிறவர்களை அவர்களுடைய ஊரையும் காட்ட அழைத்துப் போகிறார்கள். படம் எடுக்குமுன் கேட்பதும், அவர்கள் செதுக்கிய சிறு படகையாவது விலை கொடுத்து வாங்குவதும் நாம் செய்யக்கூடியது.

கடைசியாகச் சிமிலான். மலாயில் 'செம்பிலான்' என்றால் ஒன்பது. நெகிரி செம்பிலான் தெரிந்த மலேசியத் தமிழருக்கு விளக்கம் தேவையில்லை. ஒன்பது கிரானைட் தீவுகள், 1982-ல் தேசியப் பூங்கா. பின்னர் சேர்த்தவற்றோடு பதினொன்று. யானை முதுகு போல வழவழத்த பாறைகள், மாவு போன்ற வெண்மணல், கண்ணாடி நீர். அழகே அதற்குப் பகையானது. 2010-ல் கடல் சூடேறிப் பவளம் வெளுத்தது. 2016-ல் கோ தாச்சாய் தீவு கூட்டம் தாங்காமல் மூடப்பட்டது. 2018 முதல் சிமிலானுக்கு நாளொன்றுக்கு வரும் பகல்நேரப் பயணிகளுக்கு 3,325 என்ற உச்சவரம்பு வந்தது, இரவு தங்கலும் நிறுத்தப்பட்டது. வருமானம் போகிறதே என்று படகுத் தொழிலில் இருந்தவர்கள் வருந்தினார்கள். அவர்கள் வருத்தத்தில் நியாயம் உண்டு. ஆனால் பவளம் போனபின் படகில் ஏற யார் வருவார்கள்? வரம்பு இன்னும் முன்பே வந்திருக்கவேண்டும் என்பது என் எண்ணம்.

ஆண்டுதோறும் மே நடுவில் தென்மேற்குப் பருவக்காற்றோடு சிமிலான், சுரின் இரண்டும் மூடும். அக்டோபர் நடுவில் திறக்கும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் அமைதி. அப்போது போனால் விரிகுடாவுக்கு ஒரு நாள், தீவுக்கு ஒரு நாள், தகுவா பாவுக்கும் காபோங்குக்கும் ஒரு நாள் என்று வைத்துக்கொண்டு, காவ் லாக்கிலோ பங்ஙா நகரிலோ தங்கலாம். மழைக்காலத்தில் மாட்டிக்கொண்டாலும் வீணில்லை. குகைக்கோயிலும் பழைய தெருவும் நாராயணர் மலையும் மூடுவதில்லை. அப்போது தகுவா பாவில் தொடங்கும் 401-ஆம் எண் சாலையில் கிழக்கே ஏறுங்கள். காவ் சொக் காட்டைக் கடந்து, அன்றைய சரக்குப் பாதை போயிருக்கக்கூடும் என்று கருதப்படும் கணவாய் வழியே மறுகடல் பக்கம் இறங்கி, அந்தச் சாலை நகோன் சி தம்மரத்தில் முடிகிறது. அந்த நகரின் தேசிய அருங்காட்சியகத்தில்தான் அவனிநாரணக் குளத்தின் கல் இப்போது இருக்கிறது. மேல்பகுதி உடைந்திருக்கும். குனிந்து பார்த்தால் 'குளம்' என்ற சொல்லை நீங்களே எழுத்துக்கூட்டிப் படித்துவிடலாம்.